புதுத்தொழிலும் பிறர் முதலும்



புதிதாகத் தோன்றும் எத்தொழிலுக்கும் வேண்டுவன மூன்று: அறிவு, உழைப்பு, முதல். இவற்றுள் முன்னிரண்டும் நம் இளைஞரிடத்தே குறைவின்றி உள்ளன. மூன்றாவதைத் தேடிப் புறப்படுங்கால்தான் அவர்கள் இளைத்துத் திரும்புகின்றனர். பாங்கியார் ஈடு கேட்கின்றனர், உறவினர் தயங்குகின்றனர், பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் யோசிக்கின்றனர். ஈடு கேளாமலும் வட்டி வாங்காமலும் தொழிலிற் பங்காளியாகச் சேர்ந்து, நஷ்டம் வரின் அதைத் தாமும் ஏற்று, லாபம் வரின் பன்மடங்கு பெறும் நோக்கத்தோடு இடப்படும் பணத்தைத் துணிகர முதல் என்பர். இம்முதல் யாரிடமிருந்து வரும், என்ன விலைக்கு வரும் என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சரித்திரத்தின் முக்கியமான பகுதிகள் நாம் நாள்தோறும் ரயிலிற் கடந்து செல்லும் தாம்பரத்துப் பக்கத்திலேயே நடந்தேறின என்பது பலர் அறியாதது.

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரை முதலில் நோக்குவோம். முற்காலத்தில் சென்னை மாகாணத்தார் ஆவாரம்பட்டை கொண்டே தோல் பதனிட்டு வந்தனர். குரோமிய உப்பினாற் பதனிடும் புதுமுறையை இங்கே பரீட்சிக்க 1903ஆம் வருஷத்தில் முற்பட்டவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் எஞ்சினீரிங் ஆசிரியர். தேறுமோ தேறாதோ என்றிருந்த அம்முயற்சிக்கு வர்த்தகர் எவரும் பணம் தர முன்வராத நிலையில், அரசாங்கமே அந்நஷ்டத்தை ஏற்கத் துணிந்தது. அலுமினியப் பாத்திரத் தொழிலையும் அவர் 1898ஆம் வருஷம் முதல் இவ்விதமே பரீட்சித்து, அது நிலைபெற்றபின் 1903ஆம் வருஷத்தில் ஒரு கம்பெனிக்கு விற்பித்திருந்தார். ஆனால் ஐரோப்பிய வர்த்தகர் சிலர் இதனை ஆட்சேபித்தனர். அரசாங்கம் வியாபாரத்தில் இறங்கலாகாது என்று இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910ஆம் வருஷத்தில் உத்தரவிட்டார். அதன்பின் அத்தோற்பட்டறை ரீவா சமஸ்தானத்தாருக்கு விற்கப்பட்டது. எனினும் விதைத்த விதை வீண்போகவில்லை. 1912ஆம் வருஷத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனியை ஸ்தாபித்தார். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. முதல் நஷ்டத்தை ஒருவர் ஏற்றால்தான் பின்வருபவர் லாபம் காண இயலும் என்னும் உண்மைக்கு அவ்வூரின் பெயரே சாட்சி.

நிற்க. அரசாங்கம் முன்வராத இடத்து நம் நாட்டார் என் செய்தனர்? இனத்தார் முதலையே நம்பினர். நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் இளைஞரை மூன்று வருஷக் கணக்கில் ஏஜெண்டுகளாகப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் அனுப்பினர். கணக்கெழுதிப் பழகி, நாணயம் நிலைநாட்டியவன் பின்னர் உறவினரின் முதலைப் பெற்றுத் தானே கடை வைத்தான். அவனை நம்பியதற்குக் காரணம் உறவு மட்டுமன்று. அவன் எழுதிய பற்றுவரவை அவர்கள் பல வருஷம் பார்த்திருந்ததே காரணம். 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து பல குடும்பங்கள் சேமிப்பை இழந்தபோது, 1907ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியன் பாங்கி திறக்கப்பட்டதற்கும் நகரத்தாரின் முதல் பெருந்துணையாயிற்று.

அதே 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஊர் ஊராய்ச் சென்று அவர் பங்கு சேர்த்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்துக்கொண்டார். கப்பல்களும் வந்தன. எதிரியாகிய ஆங்கிலக் கம்பெனியோ நஷ்டத்தைப் பொருட்படுத்தாது பிரயாணக் கட்டணத்தை மேன்மேலும் குறைத்தது. 1908ஆம் வருஷத்தில் பிள்ளையவர்கள் சிறை புக, 1911ஆம் வருஷத்தில் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசாங்கத்தின் அடக்குமுறை இதற்குத் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வர்த்தக நோக்கிற் பார்ப்போர்க்கு மற்றொரு பாடமும் உண்டு. கப்பல் வாங்க முதல் கிடைத்தது. எதிரியின் விலைக்குறைப்பைத் தாங்கி நிற்க இரண்டாம் தவணை முதல் கிடைக்கவில்லை. புதுத்தொழில்கள் பல பிறக்கும்போது மடிவதில்லை. முதற்பணம் தீர்ந்து அடுத்த பணம் வாராத இடைவெளியிலேதான் மடிகின்றன.

இவ்விடைவெளியை நிரப்புவதையே தொழிலாகக் கொண்டவர் அமெரிக்க தேசத்தார். ஜார்ஜ் டோரியோ என்பவரும் நண்பர்களும் 1946ஆம் வருஷத்தில் அதற்கென ஒரு கம்பெனி அமைத்தனர். அக்கம்பெனி 1957ஆம் வருஷத்தில் டிஜிட்டல் எக்விப்மெண்டு என்னும் கணிப்பொறிக் கம்பெனியில் 70,000 டாலர் பங்கு முதல் இட்டது. அப்பங்கின் மதிப்பு பின்னர் 35 கோடி டாலருக்கும் மேலாயிற்று. அன்று இட்ட மற்றப் பணங்களிற் பல அவ்வளவு பலன் தரவில்லை. பத்திற் பல வாடினும் ஒன்று ஓங்கி வளர்ந்து எல்லா நஷ்டத்தையும் ஈடுசெய்யும் என்பதே துணிகர முதலாளியின் கணக்கு. நம் தேசத்தில் 1988ஆம் வருஷத்தில் இதற்கு முதல் விதிகள் பிறந்தன; 1996ஆம் வருஷத்திலும் 2012ஆம் வருஷத்திலும் செபி என்னும் பங்குச் சந்தை வாரியம் விரிவான விதிகளை வகுத்தது.

இனித் தாம்பரத்துப் பக்கத்திற்குத் திரும்புவோம். 1996ஆம் வருஷத்தில் ஸ்ரீதர் வேம்புவும் சகோதரரும் நண்பரும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்னும் மென்பொருட் கம்பெனியைத் தொடங்கினர். சென்னைப் புறநகரில் ஒரு சிறு குடியிருப்பே அதன் முதற்பணிமனை. வெளியார் முதலை அவர்கள் நாடவில்லை. வாடிக்கைக்காரர் கொடுத்த பணத்திலேயே சம்பளம் கொடுத்து, மிகுந்ததை மீண்டும் தொழிலிலேயே இட்டனர். 2001ஆம் வருஷத்தை ஒட்டி உலகெங்கும் கணினி வர்த்தகம் சரிந்து வாடிக்கைக்காரர் பலர் மறைந்தபோது, உடனே லாபம் காட்டுக என்று நெருக்கும் வெளிப் பங்காளி எவரும் அவர்களுக்கு இல்லை. ஆதலின் பொறுமையாகப் புதுச் சரக்குகளை ஆக்க இயன்றது. 2009ஆம் வருஷத்தில் ஜோஹோ எனப் பெயர் மாறிய அக்கம்பெனியின் தலைமையிடம் தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியை அடுத்து அமைந்துள்ளது.

அக்கம்பெனியில் பல வருஷம் பணிபுரிந்து தொழில் நுட்பங்களைக் கற்ற கிரிஷ் மாத்ருபூதம் என்பவர், 2010ஆம் வருஷத்தில் ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து ஃபிரெஷ்டெஸ்க் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். இடம், இன்று தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய கீழ்க்கட்டளை. இவர் சென்ற வழி வேறு. 2011ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர்களுக்கு முதல் வாடிக்கைக்காரர் கிடைத்தார். அது ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்விச்சாலை. அதே வருஷத்தில் மைக்ரோசாப்ட் நடத்திய போட்டியில் 40,000 டாலர் பரிசும் வந்தது. அதன் பின்னரே, அவ்வருஷத்து டிசம்பரில், ஆக்ஸல் என்னும் துணிகர முதல் ஸ்தாபனம் 10 லட்சம் டாலர் இட்டது. நான்கே மாதத்தில், 2012 ஏப்ரலில், டைகர் குளோபல் என்பாரும் ஆக்ஸலும் சேர்ந்து 50 லட்சம் டாலர் இட்டனர். தூத்துக்குடியில் வாராத இரண்டாம் தவணை கீழ்க்கட்டளைக்கு வந்து சேர்ந்தது. ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அக்கம்பெனி 2021ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில், பங்கொன்று 36 டாலர் வீதம், 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பங்கு பெற்றிருந்த ஊழியருள் 500 பேருக்கு மேற்பட்டோர் கோடீசுவரராயினர் என்று அதன் ஸ்தாபகர் கூறினார்.

இவ்விரண்டு வழிகளில் எது சிறந்தது? இரண்டும் சிறந்தனவே; ஆனால் இரண்டின் விலையும் வெவ்வேறு. முன்னதில் வளர்ச்சி மெதுவானது; உரிமையோ ஸ்தாபகரின் குடும்பத்தாரிடமும் உடனிருந்த சிலரிடமும் நின்றது. பின்னதில் வளர்ச்சி விரைவானது. நாஸ்டாக் சேர்ந்த காலத்து ஆக்ஸலும் டைகர் குளோபலும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலில் ஒரு பாகம் வைத்திருக்க, ஸ்தாபகரிடம் இருந்தது பத்தில் ஒரு பாகத்துக்கும் குறைவே. கம்பெனியின் தலைமையிடமும் கலிபோர்னியாவுக்குச் சென்றது.

இக்கணக்கைப் பெற்றோரும் இளைஞரும் தெளிதல் அவசியம். ஒரு கம்பெனியை 4 கோடி ரூபாய் பெறும் என மதித்து ஒருவர் 1 கோடி இட்டால், மொத்தம் 5 கோடி. அவர் பங்கு ஐந்தில் ஒன்று. நூறு பாகம் உடைய ஸ்தாபகர் எண்பது பாகம் உடையவராகிறார். அடுத்த தவணையிலும் அவ்வாறே ஐந்தில் ஒன்று கொடுப்பின் அறுபத்துநான்கு ஆகிறார். அன்றியும், கம்பெனி விற்கப்படின் தாம் இட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையை முதலிட்டவர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். அவரும் பிறர் பணத்தைப் பெற்றே இடுகிறார். ஏறக்குறைய பத்து வருஷத்தில் அதனைத் திருப்பியளிக்கக் கடமைப்பட்டவர். ஆதலின் ஒருநாள் கம்பெனியை விற்றோ, சந்தையில் பங்கு வெளியிட்டோ அவர் வெளியேறியே தீரவேண்டும். வருஷந்தோறும் நிதானமான லாபம் தரும் கடை, ஆலை, உணவு விடுதி முதலியவற்றுக்கு இம்முதல் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. அவற்றுக்குப் பாங்கிக் கடனே தக்கது.

இனி, இம்முதலைத் தேடும் முறை யாது? கீழ்க்கட்டளையின் சரித்திரமே விடை கூறும். முதலாளியைத் தேடுமுன் வாடிக்கைக்காரரைத் தேடுக. பணம் கொடுத்து வாங்குவோர் பத்துப் பேர் இருப்பின், அது நூறு பக்க விண்ணப்பத்தினும் வலிது. முன்னர் எந்தெந்தத் தொழிலில், எந்த நிலையில், எவ்வளவு பணம் இட்டார் என்று விசாரித்த பின்னரே ஒருவரை அணுகுக. அவர் முதல் கொடுத்த பிற கம்பெனியாரைக் கண்டு, கஷ்டகாலத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டறிக. மிக ஆரம்ப நிலையில் உள்ளோர்க்குத் தரமணியில் 2010ஆம் வருஷத்தில் திறந்த சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவைச் சார்ந்த தொழில் வளர்ப்பகமும், 2007ஆம் வருஷம் முதல் இயங்கும் சென்னை ஏஞ்சல்ஸ் என்னும் தனவந்தர் குழுவும், அரசாங்கத்தின் ஸ்டார்ட்அப் டி.என். ஸ்தாபனமும் அணுகத்தக்க இடங்கள்.

உறவினர் முதலைப்பற்றி ஒரு வார்த்தை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. துணிகர முதலாளி பத்தில் இட்டு ஒன்பதை இழந்தாலும் பிழைப்பார். ஓய்வு பெற்ற சிற்றப்பா ஒன்றிலேயே இட்டு அதை இழந்தால் பிழையார். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணத்தையும், குடியிருக்கும் வீட்டையும் இதற்கு ஈடாக்குதல் தகாது. இழந்தாலும் குடும்பம் தளராத தொகையையே தருக. தருவது கடனா பங்கா என்பதை எழுத்தில் வரைந்து கொள்க. வாய்மொழியாய்க் கொடுத்த முதலால் முறிந்த உறவுகள் நம் குடும்பங்களில் எத்தனை! மேலும், கல்யாண மண்டபத்திற் கூட்டம் கூட்டிப் பலரிடமும் பங்குப்பணம் வசூலித்தல் சட்டத்துக்கு மாறானது. தனிக் கம்பெனி ஒன்று பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்கலாகாது. தனிப்பட அழைத்துப் பங்கு அளிக்கும் முறையிலும் ஒரு வருஷத்தில் 200 பேருக்கு மேற்படலாகாது என்று 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்டுள்ளது. நற்கருத்தோடு செய்தாலும் குற்றம் குற்றமே.

இறுதியாக ஒன்று. இனத்தில் முதல் உடையோர்க்கு முதற்பணம் எளிது. தலைமுறை தலைமுறையாக முதலே இல்லாத சமூகத்தில் பிறந்தவனுக்கு யார் கொடுப்பார்? 1903ஆம் வருஷத்தில் தோற்றொழிலுக்கு அரசாங்கம் நஷ்டம் ஏற்றதுபோலவே, தமிழ்நாடு அரசாங்கம் 2022ஆம் வருஷத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினரின் புதுத்தொழில்களிற் பங்கு முதலிட 30 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது தருமம் அன்று, முதலீடு. சங்கங்களும் இதனைக் கண்டு கற்கவேண்டும். ஒரு சங்கம் தன் இளைஞர்க்குப் பணம் திரட்டிக் கொடுப்பதினும், கணக்கெழுதக் கற்பித்தலும், ஒப்பந்தங்களைப் படித்துப் பொருள் கூறத்தக்க வக்கீலையும் கணக்காயரையும் கூட்டுவித்தலும், முன்னரே தொழில் நடத்தினோரை அறிமுகஞ் செய்தலும் மேலான உதவிகளாம். நாணயமான கணக்கும் வாடிக்கைக்காரரின் நம்பிக்கையும் உள்ள இடத்தை முதல் தானே தேடி வரும். நம் இளைஞர் அவ்விரண்டையும் முதலிற் சேர்த்து, பிறர் முதலை அதன் விலையறிந்து பெற்று, தொழில் பல தோற்றுவித்து வாழ்வாராக.