எல்லை கடந்தோர் எண்ணிக்கை

முதலில் இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1950ஆம் ஆண்டில் உலக நாடுகள் அனைத்திலும் பதிவான வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம். 2019ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 146 கோடி. இந்தப் பெருக்கம் எங்கே, எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எண்ணத் தொடங்குமுன் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் இளமையில் செய்தித்தாள்கள் 'உல்லாசப் பிரயாணிகள்' என்றே எழுதின. ஒருவர் உள்ளத்தில் உல்லாசம் இருந்ததா என்பதை எல்லைக் காவலர் எப்படி அறிவார்? ஆகவே 1937இல் சர்வதேச சங்கம் எளியதோர் அளவுகோலை வகுத்தது: தாம் வாழும் நாட்டை விட்டு வேறொரு நாட்டில் 24 மணி நேரமேனும் தங்குபவர் சுற்றுலாப் பயணி. 1963இல் உரோமாபுரியில் கூடிய ஐக்கிய நாடுகளின் மாநாடு இதனைத் திருத்தி விரிவாக்கியது. வணிகத்துக்காக வந்தவரும் உறவினரைக் காண வந்தவரும் இக்கணக்கில் அடங்குவர். இன்னொன்றையும் மறவாதீர்கள், இது ஆள்கணக்கு அன்று, வருகைக் கணக்கு. ஒருவரே ஓராண்டில் மூன்று முறை எல்லை கடந்தால் மூன்றாகவே எண்ணப்படுவார்.

1950இன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஐரோப்பாவுக்கு 1 கோடியே 68 இலட்சம். அமெரிக்கக் கண்டங்களுக்கு 75 இலட்சம். ஆப்பிரிக்காவுக்கு 5 இலட்சம். மேற்காசியாவுக்கு 2 இலட்சம். ஆசியாவின் எஞ்சிய பகுதியும் பசிபிக் தீவுகளும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து 2 இலட்சம். அன்று கொரியாவிலும் இந்தோசீனாவிலும் போர். சீனாவில் புரட்சி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்குக் கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். 1951இல் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 17 ஆயிரம் பேரே.

ஐந்தாண்டுக்கு முன்புவரை குண்டுவீச்சால் சிதைந்து கிடந்த ஐரோப்பா எவ்வாறு முதலிடம் பெற்றது? ஊதியத்தோடு கூடிய விடுமுறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரான்சு தன் தொழிலாளருக்கு இரண்டு வார விடுமுறையை 1936இலேயே சட்டமாக்கியது. போருக்குப்பின் இவ்வுரிமை பரவியது. 1950இல் விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் விமானமொன்றை வாடகைக்கு அமர்த்தி, பயணச்செலவு, தங்குமிடம், உணவு மூன்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கி, ஆங்கிலேயரைக் கார்சிகா தீவுக்கு அழைத்துச் சென்றார். 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கடலை ஒழுங்காகக் கடக்கத் தொடங்கின.

இவற்றின் பயனை முழுதும் அறுவடை செய்த நாடு ஸ்பெயின். அந்நியச் செலாவணி இன்றித் தவித்த பிராங்கோவின் அரசு 1959இல் தன் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தது. 1960இல் ஏறத்தாழ 60 இலட்சமாக இருந்த வருகை 1970இல் 2 கோடியே 40 இலட்சமாயிற்று. மீனவர் ஊராக இருந்த பெனிடார்ம், வானளாவிய விடுதிகளின் நகரமாயிற்று. வெயிலும் மணலும் ஏற்றுமதிப் பொருள்கள் ஆகுமென்று எந்தப் பொருளியல் பாடநூலும் எனக்குக் கற்பித்ததில்லை!

ஆசியா மெல்லவே விழித்தது. ஜப்பான் தன் மக்களை இன்பப் பயணமாக வெளிநாடு செல்ல அனுமதித்ததே 1964 ஏப்ரலில்தான். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, 500 டாலர் வரம்போடு. 1978க்குப்பின் சீனா திறந்தது. வருமானம் உயர உயர ஆசியர் அண்டை ஆசிய நாடுகளுக்கே மிகுதியாகச் சென்றனர். 2002இல் ஆசிய பசிபிக் பகுதி அமெரிக்கக் கண்டங்களை முந்தி இரண்டாமிடம் பெற்றது.

இங்கே என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குமுன் ஒரு தேர்வில், "1950 முதல் 2000 வரை ஐரோப்பியச் சுற்றுலா வளர்ந்ததா, தேய்ந்ததா?" என்று கேட்டிருந்தேன். ஐரோப்பாவின் பங்கு நூற்றுக்கு 66இலிருந்து ஏறத்தாழ 57 ஆகக் குறைந்ததால், 'தேய்ந்தது' என்பதே நான் எதிர்பார்த்த விடை. மாணவி ஒருத்தி '23 மடங்கு வளர்ந்தது' என்று எழுதியிருந்தாள். சுழியம் இட்டேன். விடைத்தாளோடு வந்து நின்று, "ஐயா, 1 கோடியே 68 இலட்சம் 38 கோடிக்குமேல் ஆனது தேய்வா?" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை. பங்கு வேறு, தொகை வேறு. அன்றே மதிப்பெண்ணைத் திருத்தினேன். பின்னர், மடங்குக் கணக்கும் ஏமாற்றும் என்பதை அவ்வகுப்புக்கே காட்டினேன்: அதே காலத்தில் ஆப்பிரிக்கா 50 மடங்குக்குமேல் வளர்ந்தது, ஆனால் கூடிய தொகை 3 கோடியைக்கூட எட்டவில்லை. ஐரோப்பாவுக்குக் கூடியதோ ஏறத்தாழ 37 கோடி.

எல்லைகளும் கணக்கைக் கோணலாக்கும். பிரான்சின் லீல் நகரத்தார் சில கல் தொலைவு சென்று பெல்ஜியத்தில் ஓர் இரவு தங்கினால் உலகக் கணக்கில் ஏறுவார். இராமேசுவரத்திலிருந்து காசிவரை செல்லும் நம் பாட்டி ஏறமாட்டார்! இந்தியாவின் எண்ணிக்கையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2014இல் வந்த அயல்நாட்டார் 77 இலட்சம். வெளிநாட்டில் வாழும் இந்தியர் வருகையையும், உலக வரையறைப்படி, சேர்த்தபோது அது 1 கோடியே 31 இலட்சம் ஆயிற்று. கூடுதலாக எவரும் வந்துவிடவில்லை.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலக வருகையை ஏறத்தாழ 40 கோடிக்கு இறக்கியது; முப்பது ஆண்டு வளர்ச்சி ஓராண்டில் அழிந்தது. மீட்சியும் எங்கும் ஒரேபடியாக இல்லை. சீனா 2023 சனவரி வரை மூடியிருந்ததால் ஆசியா பின்தங்கியது. 2024இல் ஐரோப்பா பழைய நிலையைச் சற்றே கடந்து ஏறத்தாழ 75 கோடியை எட்ட, ஆசிய பசிபிக் பகுதி 2019இன் அளவில் நூற்றுக்கு 87 பங்கே மீண்டிருந்தது. மேற்காசியாவோ பழைய அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, 9 கோடியே 50 இலட்சம் வருகையைக் கண்டது. 1950இல் உலகம் முழுமைக்கும் இருந்த தொகையைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் அது.