பரவை வீட்டுத் திண்ணையும் எம்.ஆர்.ராதாவும்

முதல்லயே சொல்லிடறேன், இது சினிமா விமர்சனம் இல்லை. பாதி சரித்திரம், பாதி கொசுவத்தி.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப மாமா வீட்ல பரண் ஒழிச்சாங்க. பழைய பேப்பர்ல சுத்தி ஒரு பீங்கான் தட்டு. ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல், ஒரு பக்கம் கிளேஸ் வழிஞ்சு கட்டியா உறைஞ்சு போயிருக்கு. எங்க ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிற ஊர்ல செகண்ட்ஸ் தட்டு கிடைக்கிறது பெரிய விஷயமில்லை. ஆனா இது தாத்தாவோட தட்டு.

தாத்தா சூளையில சாமான் அடுக்கற வேலை பார்த்தவர். அம்மாவுக்கு ஒம்போது வயசு இருக்கும்போது வேற வீடு பார்த்துக்கிட்டுப் போயிட்டார். பதினாறு வருஷம் கழிச்சு, அங்கேர்ந்தும் துரத்தி விட்டதும், இருமிக்கிட்டே வந்து வாசல்ல நின்னார். பாட்டி உள்ள விடலை. விரட்டவும் இல்லை. திண்ணையில ஒரு பாய், இந்தத் தட்டுல சோறு. பேச்சு மட்டும் கிடையாது. பாட்டியோட அண்ணன் ரெண்டு தடவை சமாதானம் பேச வந்தார். "பரவைக்கு சிவபெருமானே தூது வந்தார். எனக்கு நீ வந்திருக்கே. காப்பி குடிச்சுட்டுக் கிளம்பு"ன்னு அனுப்பி வெச்சாங்களாம்.

பாட்டி அதைச் சும்மா சொல்லலை. எங்க ஊர்க்காரங்களுக்கு சுந்தரர் கதை தண்ணிபட்ட பாடு. திருமுதுகுன்றம்னு தேவாரம் சொல்றது இந்த ஊரைத்தான். சுந்தரர் இங்க பாடி பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, மணிமுத்தாற்றுல போட்டுட்டு, திருவாரூர்க் குளத்துல எடுத்தார்னு பெரியபுராணம் சொல்லுது. அந்தப் பொன் திருவாரூர்ல இருந்த மனைவி பரவையாருக்கு. அதே மனுஷன் பின்னாடி திருவொற்றியூர் போய், பிரியமாட்டேன்னு சத்தியம் பண்ணி சங்கிலியாரைக் கட்டிக்கிட்டார். சத்தியத்தை மீறிக் கிளம்பினதும் ரெண்டு கண்ணும் போச்சு. ஊர் ஊராப் பாடிப் பார்வையை வாங்கிக்கிட்டுத் திருவாரூர் வந்தா, பரவையார் வீட்டுக் கதவு திறக்கலை. உடனே நண்பரைக் கூப்பிடறார். நண்பர் யாரு? சாட்சாத் சிவபெருமான்! நடுராத்திரியில முதல்ல அர்ச்சகர் வேஷத்துல போறார், பரவையார் முடியாதுன்னுட்டாங்க. ரெண்டாவது தடவை சொந்த ரூபத்துல போய் நிக்கறார். அப்புறம் அந்தம்மா என்னதான் பண்ணுவாங்க? சேக்கிழார் இதை பக்தியாத்தான் பாடினார். எனக்கென்னவோ தமிழோட முதல் குடும்ப ப்ளாக் காமெடி இதுதான்னு தோணும்.

இங்கேர்ந்து ஒரே தாவலா 1954 தீபாவளிக்கு வாங்க. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்துல 'ரத்தக்கண்ணீர்' வருது. எழுதினவர் திருவாரூர் கே.தங்கராசு. பரவையார் ஊர்க்காரர், அழுத்தமான பெரியார் கட்சிக்காரர். இதை நாடகமா ஊர் ஊராக் கொண்டு போனவர் எம்.ஆர்.ராதா. சும்மா இல்லை, ராதா மேடை ஏறினா அரசாங்கத்துக்கு வயித்தைக் கலக்கின காலம். அவரோட ராமாயண நாடகத்தை மனசுல வெச்சுத்தான் அதே 1954ல நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஞாநி போட்ட வழக்குல 2013ல சென்னை உயர்நீதிமன்றம் ரத்து பண்ற வரைக்கும் அது உயிரோட இருந்தது.

கதை தெரியும்தானே? வெளிநாட்ல படிச்சுட்டு வந்த மோகன் பெத்த தாயையே உதைக்கிறான். கட்டின சந்திராவை விட்டுட்டு காந்தாவே கதின்னு கிடக்கிறான். தொழுநோய் வந்ததும் காந்தா வெளியே தள்ளிடறா. சுந்தரர் மாதிரியே இவனுக்கும் கண்ணு போகுது. பாடத்தான் தெரியலை, நக்கல் அடிக்கத்தான் தெரியும்.

ராதா பண்ணின புதுமை இதுதான்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துப் படத்துல காமெடியன் தனி, அழறவன் தனி. தப்பு பண்ணினவன், தண்டனை அனுபவிக்கிறவன், சிரிக்க வைக்கிறவன் மூணும் ஒரே ஆளா வந்தது இதுல. நாம அவன் அடிக்கிற நக்கலுக்குச் சிரிக்கிறோம். சிரிச்சுட்டதாலேயே பாதி மன்னிச்சுடறோம். ஆனா மோகன் மன்னிப்பு கேட்கிறதில்லை. சந்திராவைக் கல்யாணம் பண்ணிக்கோன்னு நண்பன் பாலுகிட்ட சொல்றான், இந்தக் கோலத்துல எனக்கு ஒரு சிலை வைன்னு கேட்கிறான். இந்து திருமணச் சட்டம் 1955லதான் வந்தது, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இப்படி ஒரு முடிவு பெரிய துணிச்சல். ஆனா சந்திராவோட வாழ்க்கையைப் பத்தி பேசிக்கிறது ரெண்டு ஆம்பளைங்க. பரவைக்கு வந்த அதே தூதுதான், நாத்திக வேஷத்துல.

இன்னொரு குறையும் உண்டு. தொழுநோய் ஒரு கிருமியால வர்றது, ஒழுக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பாவத்தோட சம்பளம்னு ஒரு பகுத்தறிவுப் படமே சொன்னது பெரிய சறுக்கல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம்கிற பிரிவை நம்ம சட்டத்துலேர்ந்து எடுத்ததே 2019லதான்.

எண்பதுகள்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷன்ல இந்தப் படம் போட்டான். தெருவே எங்க கூடத்துல. தாத்தா வழக்கம்போல வெளித் திண்ணையில. அவருக்குப் படம் தெரியாது, ராதாவோட கரகர குரல் மட்டும் கேட்கும். காந்தா துரத்தி விட்டதுக்கப்புறம் ராதா பேசற ஒவ்வொரு வரிக்கும் பாட்டி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. கூடத்துல மத்தவங்களுக்கு சிரிக்கவும் முடியலை, வாசல் பக்கம் திரும்பவும் முடியலை. கொஞ்ச நேரத்துல திண்ணையிலேர்ந்தும் ஒரு சிரிப்பு, பாதியில இருமலா மாறிடுச்சு. பாட்டி எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தாங்க. அம்மா மட்டும் அடுப்படியிலேர்ந்து வெளியவே வரலை. அப்ப எனக்கு அது உறைக்கலை.

உறைச்சது 2019ல. தியாகராஜன் குமாரராஜாவோட 'சூப்பர் டீலக்ஸ்' பார்த்தப்போ. குளிர்சாதனப் பெட்டிக்குள்ள பிணத்தை வெச்சுக்கிட்டு புருஷன் பொண்டாட்டி சண்டை போடற குடும்பம் ஒண்ணு. வருஷக்கணக்குல காணாமப் போன அப்பா ஷில்பாங்கிற திருநங்கையா திரும்பி வர்ற குடும்பம் இன்னொண்ணு. ஷில்பாவை தாத்தாவோட ஒப்பிட முடியாது. அது சுகம் தேடிப் போனது இல்லை, அந்த உடம்போட அங்க வாழ முடியாம போனது. (ஷில்பாவைக் காட்டின விதத்துல திருநங்கைகள் சொன்ன ஆட்சேபணை நியாயமானது.) இங்கே தூது போறது சிவனும் இல்லை, பாலுவும் இல்லை. சின்னப் பையன் ராசுக்குட்டிதான். எப்படி வேணா இரு, எங்ககூட இருன்னு அவன் ஏத்துக்கறப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது. பக்கத்துல அம்மா. "அந்தப் பையன் வளரட்டும், அப்புறம் கேளு"ன்னாங்க.

அந்தக் கேள்விக்கு ஓரளவு கிட்ட வந்த படம்னு நான் சொல்றது ஹலிதா ஷமீமோட 'ஏலே'. 2021ல நேரா விஜய் டிவியில வந்ததால நிறைய பேர் கவனிக்கலை. ஐஸ் விக்கிற அப்பன் செத்துட்டான்னு பையன் ஊருக்கு வர்றான், கண்ணுல ஒரு சொட்டு வரமாட்டேங்குது. ஊரே அழு அழுன்னு பார்க்குது. வளர்ந்த ராசுக்குட்டின்னு வெச்சுக்கலாம். பார்க்காதவங்க பார்த்துடுங்க, மீதியைச் சொல்லிக் கெடுக்க விரும்பலை.

தாத்தா போனப்ப பாட்டி அழுதாங்க. தட்டைக் கழுவி, பேப்பர்ல சுத்தி, தானே பரண்ல வெச்சாங்களாம். மன்னிச்சாங்களான்னு கேட்கிற தைரியம் எங்க யாருக்கும் இல்லை. அம்மாகிட்ட கேட்கணும்னு யாருக்கும் தோணவே இல்லை. தூது எல்லாம் பாட்டிக்குத்தானே வந்தது.

சூளைக்காரங்க கிட்ட கேட்டா சொல்வாங்க, பச்சையா இருக்கறப்ப வெடிச்சா திரும்பக் கரைச்சு அச்சுல ஊத்திடலாம், வெந்ததுக்கப்புறம் வெடிச்சா பின்பக்கக் குவியல்தான். இந்தத் தட்டைக் குவியல்ல போட மனசில்லாம பையில வெச்சு சென்னைக்குக் கொண்டு வந்துட்டேன். பிரிச்சுப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. "அதை அடுப்படிக்குள்ள கொண்டு வராதே"ன்னாங்க. இப்ப பால்கனியில துளசித் தொட்டிக்கு அடியில இருக்கு. தண்ணி ஊத்தறது அம்மாதான்.