சுவான்சௌ: இடம் மாறிய கற்களின் ஊர்

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் சுவான்சௌ. சோங் அரசு 1087-இல் இங்கே கடல் வணிக அலுவலகம் அமைத்துச் சுங்கம் வாங்கத் தொடங்கியபின் ஊர் வேகமாக வளர்ந்தது. பட்டும் பீங்கானும் கப்பலேறின. மிளகும் சாம்பிராணியும் வந்திறங்கின. அரபு வணிகர்கள் வைத்த சைத்தூன் என்ற பெயரிலேயே மார்கோ போலோவும் இபின் பதூதாவும் இதைக் குறித்தனர்.

வந்தவர்கள் தங்கினார்கள், தங்கியவர்கள் தத்தம் தெய்வத்துக்கு இடம் தேடினார்கள். 1009-இல் நிறுவப்பட்ட பள்ளிவாசலின் உயர்ந்த கல்வாயில் இன்றும் நிற்கிறது. தமிழ் வணிகர்களுக்குச் சிவன் கோயில் இருந்தது. குப்லாய் கான் ஆண்ட 1281-இல், சக ஆண்டு 1203 சித்திரை மாதத்தில், அந்தக் கானின் நலனுக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதன் கடைசி வரி சீனத்தில் உள்ளது.

1357 முதல் 1366 வரை நீடித்த படைக் கலகம் நகரைச் சிதைத்தது. அது ஒடுக்கப்பட்டபோது அயலார் பலர் கொல்லப்பட்டனர். பின்வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தது. சிவன் கோயில் மறைந்தது. அதன் கற்கள் மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளிவந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். 1957-இல் அவர் வெளியிட்ட நூல் இல்லாவிட்டால் இந்த வரலாற்றில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

686-இல் தோன்றிய கையுவான் பௌத்தக் கோயிலுக்கு வருவோர் அதன் இரட்டைக் கல்கோபுரங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடக் கூடாது. பிரதான மண்டபத்தின் பின்புறத் தூண்கள் இரண்டில் நரசிம்மரும் மருதமரங்களைச் சாய்க்கும் கண்ணனும் இருக்கிறார்கள். மிங் காலத் திருப்பணியில் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை இவை. அதே வளாகத்தில், 1974-இல் விரிகுடாச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் உள்ளது. பதின்மூன்று தடுப்பறைகள் கொண்ட அதன் வயிற்றில் வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன. 1959-இல் தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகத்தில் அரபு, சீனக் கல்லறைக் கற்களோடு சிவன் கோயில் சிற்பங்களும் உள்ளன. இங்கே கிடைத்த புடைப்புச் சிற்பங்களில் லிங்கத்தை யானை வழிபடும் காட்சி திருவானைக்கா தலக்கதையை அப்படியே நினைவூட்டும். 2021-இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.