புழுங்கல் அரிசியும் சோதனைக் குழாயும்



தாசேக் கெலுகோர் வட்டாரத்திற்கு அரிசியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் தோட்டம், மறு பக்கம் நெல் வயல் என்று வாழ்ந்தவர்கள் நாம். ஆனாலும், “அந்த அரிசிக்குள்ள என்னதான் இருக்கு?” என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் முன்னோர்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் ஆய்வுக்கூடத்திற்குப் போவோம். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் உங்கள் ஆசிரியர் சில சோதனைகளைச் செய்து காட்டுவார். ஆறிப்போன சோற்றில் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விடுங்கள். பழுப்பு நிறச் சொட்டு கருநீலமாக மாறும். அது மாவுச்சத்தின் அடையாளம். சோறு சூடாக இருந்தால் அந்த நீலம் நிற்காது, அதனால் ஆற விட்டுத்தான் செய்ய வேண்டும். உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவி, அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நீல மணிகள் கொட்டிக் கிடக்கும்.

புரதத்திற்கு வேறு சோதனை. முட்டையின் வெள்ளைக் கருவில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து, மயில்துத்தக் கரைசல் சில சொட்டு விட்டால் ஊதா நிறம் தோன்றும். குளுக்கோஸ் போன்ற சர்க்கரைக்கு, நீல நிறமான பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடு காட்ட வேண்டும். அது பச்சை, மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறத்திற்கு வரும். கொழுப்புக்கு ஒரு தாளே போதும். பலகாரம் சுற்றி வந்த காகிதத்தில் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை தெரிகிறதே, அதுவும் ஒரு சோதனைதான்!

இவை பழைய சோதனைகள். அயோடின் பட்டால் மாவுச்சத்து நீலமாகும் என்பது 1814-லேயே தெரிந்துவிட்டது. ஆகவே நூறு ஆண்டுகளுக்கு முன்பே, உணவில் என்ன இருக்கிறது என்று சொல்ல அறிஞர்களால் முடிந்தது. ஆனால் அதே காலத்தில் இந்த மலாயா மண்ணில், வயிறாரச் சோறு சாப்பிட்டவர்களே கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தளரும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கும். முடிவில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இது வாரிக்கொண்டு போனது. ஆனால் தோட்டத்துத் தமிழர்களிடம் இந்த நோய் மிக அரிது. கம்பத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களிடமும் அப்படித்தான்.

ஏன் இந்த வேறுபாடு? நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒவ்வோர் இனத்தாரின் சோற்றையும் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் சாப்பிட்டது அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டதோ புழுங்கல் அரிசி. வெள்ளைப் பச்சரிசியில் நாள்பட ஏதோ ஒரு நஞ்சு சேருகிறது என்று அவர் முடிவு கட்டி, 1907-ல் ஒரு நூலும் வெளியிட்டார். காரணத்தில் தவறினாலும் அரிசியைச் சந்தேகித்ததில் அவர் தவறவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெச்சர் என்னும் மருத்துவர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. தங்கும் இடம்தான் காரணமோ என்ற ஐயத்தில், இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தார்கள். 1906 முடிவில் கணக்கெடுத்தபோது, வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டிருந்தது. 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அந்த இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

வாசகர்களே, அந்த 18 பேரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தங்கள் தட்டில் எந்த அரிசி விழ வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் உயிர் கொடுத்துத்தான் இந்தப் பாடம் நமக்குக் கிடைத்தது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் இருவரும் 1907-ல் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். முடிவும் அதேதான். பிறகு அவர்கள் அரிசியையே ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு போனார்கள். நஞ்சு எதுவும் அகப்படவில்லை. அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்றே தெரிந்தது. பாஸ்பரஸ் குறைந்த அரிசி ஆபத்தான அரிசி என்று ஓர் அளவுகோலையும் கண்டார்கள். பாஸ்பரஸ் மருந்து அல்ல. தவிடு எவ்வளவு போயிற்று என்று காட்டும் அடையாளம் மட்டுமே.

இப்போது நம் சோதனைக் குழாய்களுக்குத் திரும்புவோம். அந்த வெள்ளை அரிசியில் அயோடின் விட்டால் கருநீலம் பளிச்சென்று வரும். புரதமும் கொஞ்சம் இருக்கும். ஃபிளெச்சரே, புரதக் குறைவுதான் காரணமோ என்றும் எண்ணினார். சோதனைகள் பொய் சொல்லவில்லை. “மாவுச்சத்து இருக்கிறதா?” என்று கேட்டோம், “இருக்கிறது” என்று அவை சொல்லின. “இது மனிதனை வாழ வைக்குமா?” என்று நாம் கேட்கவேயில்லை!

தவிட்டோடு போனது தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சோறோ தட்டு நிறைய. அவ்வளவு சிறிய பொருள் நம் அயோடினுக்கும் மயில்துத்தத்திற்கும் எப்படி அகப்படும்? 1926-ல் தான் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் அதைப் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

நம்ம பாட்டிமார்கள் நெல்லை ஊற வைத்து, அவித்து, காய வைத்துப் பிறகு குத்தினார்கள். ஊறி அவியும்போது தவிட்டில் இருக்கும் உயிர்ச்சத்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. இந்த விளக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள், கப்பலேறி வந்தும் விடவில்லை.

இதைச் சொல்லி நாம் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். அதே காலத்தில் நம்மவர்கள் மலேரியாக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பழக்கம் ஒரு நோயிலிருந்து காத்தது, மற்றொன்றிலிருந்து காக்கவில்லை. ஏன் காத்தது, ஏன் காக்கவில்லை என்று சொல்லப் படிப்புதான் வேண்டும்.

தாய்மார்களே, பிள்ளை சமையற்கட்டில் சோற்றையும் உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு, “இதுல என்னம்மா இருக்கு?” என்று நச்சரித்தால், “போடா, வேலையப் பாரு” என்று விரட்டாதீர்கள். மாணவர்களே, குழாயில் நிறம் மாறியதும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். இந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்று இன்னொரு வரியும் எழுதுங்கள். மலாயாவில் பல்லாயிரம் உயிர்கள் அந்த இரண்டாவது வரிக்காகத்தான் காத்துக் கிடந்தன.

பரிசு பெறும் செல்வங்களுக்கும், பெறப்போகும் செல்வங்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.