இடம் மாறும் வலி: ஃபைப்ரோமயால்ஜியா நோயறி விதிகளில் ஒரு மறுவாசிப்பு

ஃபைப்ரோமயால்ஜியா நோயாளி தன் வலி இடம் மாறுவதாகச் சொன்னால், அதை அவருடைய வாக்குமூலத்தின் பலவீனமாகக் கொள்ளும் போக்கு மருத்துவ எழுத்தில் நெடுநாளாக உண்டு. நேற்றுத் தோளில், இன்று இடுப்பில், நாளை கெண்டைக்காலில் என்பவர் மிகைப்படுத்துகிறார், அல்லது மனத்துயரை உடலின் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று அந்தத் தரப்பு முடிவு கட்டுகிறது. இடமாற்றம் இந்நோயின் இயல்பு என்றும், அதைப் பிடிக்கத் தவறுவது நம் அளவுகோல்தான் என்றும் இங்கே வாதிடுகிறேன்.

இடம் மாறும் வலி மருத்துவத்துக்குப் புதிதல்ல. ருமாட்டிக் காய்ச்சலில் முழங்கால் வலி தணியும்போது கணுக்காலில் வலி எழும். அது தணிய மணிக்கட்டு வீங்கும். இப்படி நகரும் மூட்டுப் பாதிப்பை 1944இல் மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் அந்நோய்க்கான தம் நோயறி விதிகளில் சேர்த்தார். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அந்நோய் மிகுந்த நாடுகளில், வேறு காரணங்கள் இல்லை என்று உறுதியானால், வீக்கமே இல்லாத பல மூட்டு வலியும் முதன்மை அறிகுறி ஆகலாம். ஆக, பத்து வயதுச் சிறுவனின் வலி நகர்ந்தால் அது சான்று. நாற்பது வயதுப் பெண்ணின் வலி நகர்ந்தால் அது சந்தேகத்துக்கு இடம். இந்த வேறுபாட்டுக்கு அறிவியல் காரணம் எதையும் நான் காணவில்லை.

சிக்கல் விதிகளின் வாசகத்தில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு அமெரிக்க ருமாட்டாலஜி கல்லூரி வகுத்த விதி, உடலில் 18 புள்ளிகளைக் குறித்து, 4 கிலோ அழுத்தத்தில் அவற்றுள் 11 வலிக்க வேண்டும் என்றது. 2010இல் அப்புள்ளிகள் கைவிடப்பட்டன. கடந்த ஏழு நாள்களில் வலித்த இடங்களை 19 பகுதிகள் கொண்ட பட்டியலில் எண்ணும் முறை வந்தது. அதோடு, அறிகுறிகள் மூன்று மாதமாக ஒத்த அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த 'ஒத்த அளவு' மறைந்து, அறிகுறிகள் மூன்று மாதமாகப் பொதுவாக இருந்து வந்தால் போதும் என்றானது. இதை வெறும் சொற்செப்பம் என்று கடந்து செல்வோர் உண்டு. என் வாசிப்பு வேறு. ஏறி இறங்கும், இடம் பெயரும் வலிக்கு விதி முதன்முறையாகக் கதவைத் திறந்தது இங்கேதான். விதியை எழுதியவர்களின் நோக்கம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசகம் அதற்கு இடம் தருகிறது.

திறந்த கதவை அதே திருத்தத்தின் இன்னொரு நிபந்தனை பாதி மூடிவிட்டது. உடலை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, நான்கிலாவது வலி இருக்க வேண்டும் என்றது அது. ஓரிடத்து வலியைப் பரவிய வலியாகக் கொள்ளும் பிழையைத் தவிர்ப்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். விளைவைப் பார்ப்போம்.

புதுச்சேரியின் குபேர் அங்காடியில் மீன் விற்கும் பெண் ஒருவரை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்வோம். களைப்பு, தூக்கக் குறைவு, மறதி முதலியவற்றுக்காக விதி வைத்திருக்கும் தீவிர அளவில் அவருக்கு 12க்கு 9. முதல் வாரம் வலது தோள், வலது மேற்கை, கழுத்து, மேல்முதுகு, இடது இடுப்பு வலிக்கின்றன: ஐந்து இடங்கள், மூன்று மண்டலங்கள். அடுத்த வாரம் இடது தோள், இடது முன்கை, கழுத்து, கீழ்முதுகு: நான்கு இடங்கள், இரண்டு மண்டலங்கள். மூன்றாம் வாரம் வலது இடுப்பு, வலது தொடை, இரு கெண்டைக்கால்கள், கீழ்முதுகு: ஐந்து இடங்கள், மூன்று மண்டலங்கள். "ஊசி போட்டா அங்க விடுது, வேற எடத்துல புடிச்சிக்குது" என்பார் அவர். எந்த வாரம் வந்தாலும், நான்கு மண்டலங்கள் தேறாததால், விதிப்படி அவருக்கு நோய் இல்லை. மூன்று வாரங்களையும் சேர்த்தால் 12 இடங்கள், ஐந்து மண்டலங்களும் நிறைவு. ஓடும் ஆற்றை ஒரு குடத்தில் மொண்டு அளப்பது போன்றது இந்த ஏழு நாள் கணக்கு. விதிக்கு வெளியேயும் இதே குறைதான்: இந்நோயைச் சலித்தெடுக்கப் பிரான்சில் 2010இல் உருவான ஆறு கேள்விப் படிவமான ஃபர்ஸ்ட் (FiRST), எரிச்சல், மதமதப்பு, தூக்கம் எல்லாம் கேட்கிறது. வலி நகர்கிறதா என்று கேட்பதில்லை.

உடலியங்கியலும் என் வாசிப்பின் பக்கமே சாய்கிறது. 2002இல் கிரேஸ்லி குழுவினர், மற்றவர்களுக்குப் பெரிதாக வலி தராத மெல்லிய அழுத்தமே இந்நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகளை எழுப்புவதைப் படம் பிடித்தனர். பெருக்கம் நடப்பது நரம்பு மண்டலத்தில் என்றால், வலி ஒரே தசையில் நிலைகொள்ளத் தேவையில்லை. அன்றன்று எந்தத் தசைக்குச் சுமை ஏறியதோ அங்கே அது தலைகாட்டலாம். 2021இல் நோயாளிகளின் எதிர்ப்புரதங்களை எலிகளுக்குச் செலுத்தியபோது, அந்த எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் மிகையாகக் கூசின. ஒரு சோதனையை வைத்து இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்று அறிவிப்பது அவசரம். கற்பனை வலி என்று தள்ளுவது அதைவிடப் பெரிய அவசரம்.

2006இல் தென்னிந்தியாவைத் தாக்கிய சிக்குன்குனியாவின் மிச்சமே இங்குள்ள இடம் மாறும் வலி என்று சிலர் சொல்லக்கூடும். அக்காய்ச்சலுக்குப் பின் நீடிப்பது பெரும்பாலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகளின் வலியும் விறைப்பும். அதற்குப் பின் ஃபைப்ரோமயால்ஜியா தொடங்குவதும் உண்டு. தொடக்கம் எதுவானாலும் இடமாற்றம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. பழைய வாரங்களின் வலி நோயாளிக்குச் சரியாக நினைவிருக்காது என்ற மறுப்புக்கு விடை எளிது: நினைவை நம்ப வேண்டாம், வாராவாரம் குறித்து வைக்கச் சொல்வோம். நோயாளிகளின் எண்ணிக்கை பெருகிவிடும் என்ற அச்சத்தை நான் பொருட்படுத்தவில்லை.

புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கூலி இழந்து பேருந்தில் வருபவர்களை ஏழு நாள் நிலையை மட்டும் கொண்டு தீர்ப்பிடுவது நியாயமல்ல. மனித உருவம் வரைந்த தாளில் நான்கு வாரங்களுக்கு வலித்த இடங்களை நோயாளியே குறித்துவரச் செய்து, நான்கையும் சேர்த்து எண்ணும் முறையைப் புதுச்சேரியின் வலி, மூட்டுநோய்ப் பிரிவுகள் சோதித்துப் பார்க்க வேண்டும். வாரக் கணக்கில் தவறியவர்களுள் எத்தனை பேர் மாதக் கணக்கில் விதிக்குள் வருகிறார்கள் என்பதை முதலில் கணக்கிட்டு வெளியிடட்டும்.