ஸ்டாப்வாட்ச் யார் கையில்: வேலைமுறை வகுத்தலின் வரலாறு, 1911–2010

1911 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசுக்குச் சொந்தமான வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் மோல்டர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். கூலி குறையவில்லை, வேலை நேரமும் கூடவில்லை. வார்ப்பட அச்சு கட்டும் தொழிலாளிக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்சுடன் வந்து நின்றார். தன்னை அப்படி அளக்கக் கூடாது என்று தொழிலாளி மறுத்தார், அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். வேலைநிறுத்தம் ஒரு வாரம்தான் நீடித்தது என்றாலும் விவகாரம் வாஷிங்டன் வரை போனது. நாடாளுமன்றக் கீழவை தனிக்குழு அமைத்து விசாரித்தது. வேலையைக் கடிகாரத்தால் அளந்து முறைப்படுத்தும் கொள்கையை முன்வைத்த ஃபிரெடரிக் டெய்லரே 1912 ஜனவரியில் அக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அரசு ஆயுதசாலைகளில் கடிகாரம் வைத்துத் தொழிலாளியை அளப்பதற்குப் பணம் செலவிடக் கூடாது என்ற விதி 1915இல் இராணுவ நிதி ஒதுக்கீட்டில் சேர்ந்தது. 1949 வரை அந்த விதி நீடித்தது.

வேலைமுறை வகுத்தலின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து ஒரு நேர்கோடு போடுகிறார்கள்: கெடுபிடியான முறைகளை மக்கள் வெறுத்தார்கள், தளர்வான முறைகளை விரும்பினார்கள், உலகம் முன்னதிலிருந்து பின்னதற்கு நகர்ந்தது என்று. கிடைக்கும் சான்றுகள் இந்தக் கோட்டில் உட்கார மறுக்கின்றன. மிகக் கெடுபிடியான முறை ஒன்றை ஒரு தொழிற்சாலை மனமுவந்து ஏற்றிருக்கிறது. மிகத் தாராளமான முறை ஒன்று காலப்போக்கில் பல இடங்களில் தேய்ந்திருக்கிறது. முறையை யார் எழுதினார், பயன்படுத்துபவர் அதைத் திருத்த முடியுமா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானித்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

டெய்லரின் தரப்பு

டெய்லரை வெறும் கொடுங்கோலராகச் சித்திரிப்பது சுலபம், ஆனால் அது சரியான சித்திரம் ஆகாது. தொழிலாளியிடம் அனுபவ அறிவு குவிந்து கிடக்கிறது என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். அந்த அறிவைத் திரட்டித் திட்டமிடும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரே சிறந்த முறையாக்கி, கட்டளையாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. பெத்லஹேம் எஃகாலையில் 92 பவுண்டு எடையுள்ள இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றும் கூலியாள் நாளொன்றுக்கு 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னுக்கு உயர்ந்தார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று என்று 1911இல் வெளியான தம் நூலில் எழுதினார். அந்தக் கதையில் அவர் சேர்த்த மெருகு எவ்வளவு என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைக் கொண்டு காட்டிவிட்டார்கள். நமக்கு முக்கியமானது வேறொன்று. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. அதோடு, வேலையை எப்படிச் செய்வது என்ற பேச்சில் இனி தொழிலாளிக்கு இடமில்லை. வாட்டர்டவுன் மோல்டர்களை உறுத்தியது இந்தக் கடைசிப் பகுதிதான்.

சுரங்கத்தின் அடியில்

1947 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. முதலாளி போனார், இயந்திரங்கள் வந்தன. ஆனால் எதிர்பார்த்த அளவு கரி வரவில்லை. லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் இதை ஆராய்ந்து 1951இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் மூலநூல் எனலாம். பாம்ஃபோர்த் 18 ஆண்டுகள் சுரங்கத்தில் கரி வெட்டியவர். அக்கட்டுரையில் மேசை வாசனை குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கையால் வெட்டிய பழைய நாளில் இரண்டு பேர், கூட ஓர் உதவியாள், கரி வெட்டும் ஒரு சிறு முகப்பை எடுத்துக்கொள்வார்கள். வெட்டுவது, அள்ளுவது, கூரைக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் அவர்களே. கூட்டாளியை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள்; ஒருவர் அடிபட்டால் அவர் குடும்பத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. ‘நெடுஞ்சுவர்’ முறை வந்தபோது முகப்பு 200 கெஜம்வரை நீண்டது. வேலை மூன்று ஷிப்டாகப் பிரிந்தது. முதல் ஷிப்ட் துளையிட்டு அடியை வெட்டும். அடுத்தது கன்வேயரை நகர்த்திப் பாதை அமைக்கும். மூன்றாவது கரியை அள்ளி நிரப்பும். ஒரு சுற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், ஆளுக்கு ஒரே வேலை, அதற்கெனத் தனிக் கூலி.

அள்ளுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஷிப்டில் வெட்டியவர் அரைகுறையாக விட்டுப்போன இடத்தில் இவர் மாட்டிக்கொள்கிறார். திட்ட வேண்டுமென்றால் ஆள் இல்லை, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைக்கூட இவர் பார்த்திருக்க மாட்டார். முழுச் சுற்றுக்கும் பொறுப்பேற்பவர் என்று கீழே யாருமே இல்லை. விடுப்பு பெருகியது, சச்சரவு பெருகியது.

இதற்கான மாற்றை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பது பலரும் சொல்லாமல் விடும் செய்தி. தெற்கு யார்க்ஷையரின் எல்சிகார் பகுதியில், ஹேமூர் படுகையில், கூரையைத் தாங்கப் புதிய வழி வந்தபோது சுரங்கத் தொழிலாளர்களும் அங்கிருந்த மேலாளரும் பேசித் தாமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பழைய நாளின் பல்திறன் குழுவைப் புதிய இயந்திரத்தோடு இணைத்தார்கள். தான் முன்பு வேலை பார்த்த சுரங்கத்துக்குத் திரும்பப் போன பாம்ஃபோர்த்தின் கண்ணில் அது பட்டது. சுரங்கங்களை நடத்திய நிலக்கரி வாரியத்தின் மேலிடமோ இதைப் பரப்புவதில் ஆர்வம் காட்டவில்லை.

பின்னர் டர்ஹாம் சுரங்கங்களில் டிரிஸ்ட் குழு நீண்ட ஆய்வு நடத்தி 1963இல் நூலாக வெளியிட்டது. அதில் ஓர் ஒப்பீடு இன்றும் மேற்கோளாகிறது. இரண்டு முகப்புகள், ஒரே படுகை, ஒரே இயந்திரம். ஒன்றில் ஆளுக்கு ஒரே வேலை. மற்றதில் நாற்பத்தொரு பேர் தமக்குள் வேலையையும் ஷிப்டையும் மாற்றிக்கொண்டு, பொதுக் கூலியைச் சமமாகப் பங்கிட்டார்கள். முன்னது தன் திறனில் 78 விழுக்காட்டை எட்டியது, பின்னது 95 விழுக்காட்டை. வேலைக்கு வராதோர் முன்னதில் 20 விழுக்காடு, பின்னதில் 8.2.

அகமதாபாத், 1953

இந்தச் சிந்தனை இந்தியாவுக்கு வந்த வழி சுவையானது. அது வந்து சேர்ந்த அகமதாபாத் காலிகோ மில் சாராபாய் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1918 அகமதாபாத் வேலைநிறுத்தத்தில் அம்பாலால் சாராபாய் ஆலை முதலாளிகளின் பக்கம் நின்றார், அவர் சகோதரி அனசூயா காந்தியோடு சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றார். அந்தப் போராட்டத்திலிருந்து கிளைத்த மஜூர் மகாஜன் சங்கம் 1920இல் உருவானது. அம்பாலாலின் மகன் கௌதம் சாராபாய் ஆலைத் தலைவராக இருந்தபோது, 1953இல் டாவிஸ்டாக்கின் ஏ. கே. ரைஸை ஆலோசகராக அழைத்தார்.

ஆலையில் புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். விலையுயர்ந்த தறி வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, துணியில் பழுது அதிகம். ரைஸ் கவனித்த தறிக்கூடத்தில் 224 தறிகள், 29 பேர். அந்த 29 பேருக்கு 12 பதவிகள்! பாவு நூல் ஓரிரண்டு அறுந்தால் முடிபோடுபவர் நெசவாளி. மொத்தமாக அறுந்து சிக்கினால் அதற்கு வேறொருவர். ஊடை நூல் கண்டுகளைத் தறியின் பாட்டரியில் நிரப்ப ஒருவர், பாவு தீர்ந்ததும் புதுப் பாவு ஏற்ற ஒருவர், துணியைக் கழற்றிக் கொண்டுபோக ஒருவர், எண்ணெய் விட ஒருவர், பெருக்க ஒருவர். பழுது பார்க்க மேஸ்திரியும் உதவி மேஸ்திரியும்.

இதில் பெரிய கோணல் கணக்கில் இருந்தது. ஒவ்வொரு பதவியின் வேலைப்பளுவையும் தனித்தனியாக அளந்து ஆள் நிர்ணயித்திருந்தார்கள். ஆகவே நெசவாளிக்கு 24 முதல் 32 தறி, பாட்டரி நிரப்புபவருக்கு 40 முதல் 50, மேஸ்திரிக்கு 112, எண்ணெய் விடுபவருக்கு 224 தறியும். எட்டு நெசவாளர்களுக்கு ஐந்து பாட்டரி நிரப்புபவர்கள். அதாவது ஒரு நெசவாளிக்கு எட்டில் ஐந்து பங்கு ஆள் துணை! அளவைக் கணக்குப்படி எல்லாம் கச்சிதம். தறிமேடையில் நிற்பவருக்கோ இன்று தன்னோடு வேலை செய்பவர் யார் என்பதே தெளிவில்லை. ஒரு தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது, அவர் இப்போது எந்த மூலையில் யாருக்காக ஓடிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது.

ரைஸ் முன்வைத்த யோசனை எளிமையானது: ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கட்டும். அடுத்து நடந்ததுதான் வியப்பு. அவர் விரிவான திட்டம் தீட்டும் முன்பே தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் யோசனையைத் தம்முடையதாக்கிக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே முடிவுசெய்து குழு பிரித்துவிட்டார்கள். பதவித் தரங்கள் சுருங்கின. புதிய முறை நிலைப்பட்டபோது தறிக்கூடத்தின் திறன் 80 விழுக்காட்டிலிருந்து 95க்கு உயர்ந்தது. பழுது 32இலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. 1958இல் ரைஸ் இதை நூலாக்கினார்.

1970இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே இருந்தது, திறனும் குறையவில்லை. மற்ற இடங்களில் பழைய பிரிவினை வெவ்வேறு அளவில் திரும்பியிருந்தது. சந்தை மாறி, துணி ரகம் மாறி, தறியை ஓயாமல் ஓட்டும் நெருக்கடி வந்தபோது மேற்பார்வையாளர் குழுவுக்குள் கைநீட்டத் தொடங்கினார். குழு தன் முறையைத் தானே திருத்திக்கொள்ளும் இடம் சுருங்கியது. ரைஸின் நூலைப் போற்றுபவர்கள் மில்லரின் கட்டுரையை அவ்வளவாகப் படிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி அச்சுப்பொறி

1960களில் இந்த ஆய்வுமுறை நார்வேக்குப் போனது. அங்கே தொழிற்சங்கமும் முதலாளிகள் கூட்டமைப்பும் சேர்ந்து ஆலைச் சோதனைகளை நடத்தின. அடுத்த பத்தாண்டில் கணிப்பொறி உள்ளே நுழைந்தது. சிமுலா என்னும் நிரல்மொழியை ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து உருவாக்கிய கிறிஸ்டன் நிகார்ட், 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு பணியாற்றினார். நிபுணர் அறிக்கை எழுதித் தருவதைவிட, சங்க உறுப்பினர்கள் தம் ஆலையில் தாமே ஆராய்ந்து முடிவெடுப்பதே பயன் தரும் என்று அவர் திட்டத்தின் போக்கையே பாதியில் மாற்றினார். 1975இல் புதிய தொழில்நுட்பம் பற்றி நாடு தழுவிய ஒப்பந்தம் வந்தது.

1981இல் தொடங்கிய ‘உட்டோபியா’ திட்டம் இதன் அடுத்த படி. நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கம், பெல்லே என், சுசான் போட்கர், மார்ட்டன் கைங் முதலான ஆய்வாளர்களோடு சேர்ந்து, செய்தித்தாள் பக்க அமைப்புக்கான கணினி முறையை வகுக்க முனைந்தது. தேவைகளை எழுதித் தரச் சொன்னபோது அச்சுத் தொழிலாளர்களுக்கு அந்த மொழி பிடிபடவில்லை. பிறகு ஒட்டுப்பலகையும் காகிதமும் கொண்டு போலிக் கணினிகள் செய்தார்கள். ஒரு காலி அட்டைப்பெட்டியை மேசையில் வைத்து அதன்மேல் ‘மேசை லேசர் அச்சுப்பொறி’ என்று எழுதினார்கள்; மேசையில் வைக்கும் அளவில் அப்படி ஒரு பொறி அப்போது புழக்கத்தில் இல்லை. அந்தப் பொய்யான மேசையில் உட்கார்ந்து உண்மையாகப் பக்கம் கட்டிப் பார்த்தபோது, எது கைக்கு எட்டாது, எங்கே வேலை தடைபடும் என்று அவர்கள் உடனே சொன்னார்கள். இன்று மென்பொருள் நிறுவனங்கள் செய்யும் மாதிரிச் சோதனைகளின் மூதாதை இது. வணிக அளவில் உட்டோபியா வெல்லவில்லை.

மீண்டும் கடிகாரம்

ஜெனரல் மோட்டார்ஸின் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் ஆலை 1982இல் மூடப்பட்டது. அங்கே எந்த நாளிலும் ஐவரில் ஒருவர் வேலைக்கு வராமலிருந்தது சாதாரணம். டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து ‘நும்மி’ என்ற பெயரில் 1984இல் அதே கட்டடம் திறந்தது. எடுத்த தொழிலாளர்களில் பெரும்பகுதி பழைய ஆட்கள், சங்கமும் அதே சங்கம். சில ஆண்டுகளில் வராதோர் 3, 4 விழுக்காடாகக் குறைந்தனர்.

வேலை இலகுவாகிவிட்டதா? இல்லை, இறுகியது. நிமிடத்துக்கொரு வண்டி நகரும் வரிசையில் 60 வினாடிக்கு 57 வினாடி கை ஓயாது. ஒவ்வோர் அசைவும் எழுதி வைக்கப்பட்ட தரமுறைப்படி. ஆனால் 1993இல் இவ்வாலை பற்றி எழுதிய பால் ஆட்லர் ஒன்றைக் கவனித்தார்: ஸ்டாப்வாட்ச் இப்போது குழுவினர் கையில் இருந்தது. அவர்களே ஒருவரை ஒருவர் அளந்து, மாற்று வழிகளை ஒப்பிட்டு, முறையை எழுதினார்கள், மாற்றி எழுதினார்கள். பழுது கண்டால் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தும் உரிமை எவருக்கும் உண்டு. 1991இல் தொழிலாளர்கள் தந்த யோசனைகள் 10,000த்தைத் தாண்டின, அவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் நடைமுறைக்கு வந்தன.

இதை அழுத்தத்தால் ஆளும் நிர்வாகம் என்று மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல் விமர்சித்தார்கள். தொழிலாளி தன் ஓய்வு வினாடிகளைத் தானே கண்டுபிடித்து ஒப்படைக்கிறார் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. முறையை எழுதும் உரிமை கிடைத்தாலும், வரிசையின் வேகத்தை முடிவுசெய்யும் உரிமை குழுவுக்குக் கிடைக்கவில்லை. வாட்டர்டவுனோடு ஒப்பிட்டால் இது பெரிய தூரம், டர்ஹாமோடு ஒப்பிட்டால் சிறிய தூரம் என்பது என் மதிப்பீடு. நும்மி 2010 ஏப்ரலில் மூடப்பட்டது.

எல்சிகாரிலும் அகமதாபாத்திலும் தீர்வுக்கு உருவம் கொடுத்ததில் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அருகிலிருந்து பார்த்து எழுதிவைக்க ஒரு பாம்ஃபோர்த்தும் ஒரு ரைஸும் இருந்ததுதான். நம் ஊர் மில்களில் யார் எந்த முறையை எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்ற அறிவு பெரும்பாலும் ஓய்வுபெற்ற நெசவாளர்கள், மேஸ்திரிகளின் நினைவில்தான் இருக்கிறது. தொழிலக வரலாறு படிக்கும் மாணவர்கள் அவர்களிடம் போய்க் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.