இல்லெஜிட்டிமேட் - ஒரு சொல்லின் கதை

டிக்ஷனரியில் 'இல்லெஜிட்டிமேட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் இரண்டு அர்த்தம் போட்டிருக்கும். ஒன்று, சட்டத்துக்கோ முறைக்கோ ஒவ்வாதது. இன்னொன்று, கல்யாணம் ஆகாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தை. முதலில் 'முறையற்றது' என்ற பொது அர்த்தம் இருந்திருக்கும், பிறகு அதைக் குழந்தைகள் தலையில் கட்டியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? ஆங்கிலத்தில் நடந்தது தலைகீழ்!

லத்தீனில் 'லெக்ஸ்' என்றால் சட்டம். அதிலிருந்து வந்ததுதான் 'லெஜிட்டிமேட்'. அதன் எதிர்ச்சொல் ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குவது 1530களில், அதுவும் பிறப்பைப் பற்றித்தான். முறையற்ற செயல், முறையற்ற அதிகாரம் என்றெல்லாம் சொல்ல அதைப் பயன்படுத்தியது சுமார் நூறு வருடம் கழித்து. அதற்கு முன் புழக்கத்தில் இருந்தது 'பாஸ்டர்ட்'. இன்றைக்கு அது வசைச்சொல். ஆனால் 1066ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னருக்கே அதுதான் பட்டப்பெயர்.

அந்த 1530களில் இங்கிலாந்து அரண்மனையில் என்ன நடந்தது என்று பார்த்தால் கதை சுவாரஸ்யமாகிறது. எட்டாம் ஹென்றி முதல் மனைவி கேத்தரினுடன் நடந்த கல்யாணமே செல்லாது என்றார். மகள் மேரி வாரிசு வரிசையிலிருந்து போனார். 1536ல் இரண்டாவது மனைவி ஆன் போலினின் தலை போனது, அந்தக் கல்யாணமும் செல்லாது. அதே வருடம் பார்லிமென்ட் போட்ட சட்டம் மேரி, எலிசபெத் இருவரையுமே 'இல்லெஜிட்டிமேட்' ஆக்கியது. எலிசபெத்துக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பிறக்கும்போது இளவரசி, நடை பழகும்போது முறையற்ற குழந்தை! பின்னால் 1544ல் இருவருக்கும் சிம்மாசன உரிமை திரும்பக் கிடைத்தது, ஆனால் 'முறையான மகள்' என்ற தகுதி கிடைக்கவில்லை. மேரி ராணியானதும் 1553ல் தன் தாயின் கல்யாணம் செல்லும் என்று சட்டம் போட வைத்தார். எலிசபெத் அந்தப் பழைய தீர்ப்பைக் கிளறவே இல்லை. அப்படியே 44 வருடம் ஆண்டுவிட்டுப் போனார்.

சரி, ராணிகளுக்குச் சமாளிக்க வழி இருந்தது. சாதாரண ஜனங்களுக்கு?

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் இப்படிப் பிறந்த குழந்தை 'யாருடைய பிள்ளையும் அல்ல'. தகப்பன் சொத்தில் உரிமை இல்லை. பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டாலும் பயனில்லை. தேவாலயச் சட்டம் அப்படிப்பட்ட குழந்தையை ஏற்றுக்கொண்டது. நாட்டுச் சட்டமும் ஏற்க வேண்டும் என்று 1236ல் மெர்ட்டன் என்ற இடத்தில் பிஷப்புகள் கேட்டார்கள். பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். எல்லாம் நிலம், வாரிசு விவகாரம்தான். அந்த மறுப்பு 1926 வரை நின்றது. 690 வருடம்!

ஏழைகள் விஷயத்தில் கவலை வேறு. 1576ல் வந்த சட்டம், இப்படிப் பிறந்த குழந்தையைக் காப்பாற்றும் செலவு ஊர்ப் பொதுப் பணத்தில் விழுகிறதே என்றுதான் புலம்பியது. பெற்றோரிடம் வசூல் செய்யவும், அவர்களைத் தண்டிக்கவும் வழி செய்தது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிய சட்டங்களில் பாதி கணக்குப் புத்தகம்தான்.

இதில் மறக்க முடியாத ஒருவர் ஜேம்ஸ் ஸ்மித்சன். ஒரு ஆங்கிலப் பிரபுவுக்குக் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர். விஞ்ஞானியாகப் பேர் வாங்கினார். தகப்பனின் பட்டம் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. 1829ல் இறந்தபோது, தன் தம்பி மகன் வாரிசில்லாமல் போனால் சொத்து முழுவதும் அமெரிக்காவுக்கு என்று உயில் எழுதியிருந்தார். வாழ்நாளில் அவர் அந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை. வாஷிங்டனில் 1846ல் உருவான ஸ்மித்சோனியன் அந்தப் பணத்தில் வந்ததுதான். பிரபுவின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1926 சட்டத்திலும் ஒரு ஓட்டை. குழந்தை பிறந்தபோது பெற்றோரில் ஒருவர் வேறொருவருடன் கல்யாணமானவராக இருந்தால் சலுகை கிடையாது. அது போக 1959 ஆனது. இடையில் 1947ல் ஒரு சின்ன காரியம் செய்தார்கள். பெற்றோர் பெயரே இல்லாத சுருக்கப் பிறப்புச் சான்றிதழ்! பள்ளிக்கூடத்திலோ வேலைக்குப் போன இடத்திலோ காகிதத்தை நீட்டும்போது கூனிக் குறுக வேண்டியதில்லை. பெரிய பெரிய சட்டங்களைவிட இந்தத் துண்டுக் காகிதம் நிறைய பேரைக் காப்பாற்றியிருக்கும். 1969ல் உயில் இல்லாத பெற்றோரின் சொத்திலும் உரிமை வந்தது. 1987 சட்டம் மிச்சமிருந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. ஸ்காட்லாந்து 2006ல் அந்தத் தகுதியையே ஒழித்தது.

வெள்ளைக்காரர்களோடு இந்தச் சொல் இந்தியச் சட்டத்துக்கும் கப்பலேறி வந்தது. 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவில், கல்யாண பந்தம் நீடிக்கும்போது பிறந்தவன் அந்தக் கணவனின் 'லெஜிட்டிமேட்' மகன் என்று இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 116ஆம் பிரிவு. 'மகன்' என்ற சொல்லை மட்டும் 'குழந்தை' என்று மாற்றியிருக்கிறார்கள். முன்னால் நிற்கும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.